எண்ணில் ஆள் இல்லையென்றால்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது யசோதராவின் கதை. மாலை வகுப்பில் அவள் முதல் பெஞ்சு, நான் மூன்றாவது. அன்றன்று நடந்ததை எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு என்பது வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். அதைக் கேலி செய்யாதவர்கள் கிடையாது. அந்தச் சம்பவம் நடந்து சில வாரங்கள் கழித்து, டீக்கடை வாசலில், அதைக் கதையாக எழுதலாமா என்று அவளிடம் கேட்டேன். கேட்ட உடனேயே கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"எழுதிக்கோ," என்றாள். "ஆனா கடைசிக் கதவ மட்டும் நீ தெறக்காத."

"ஏன்?"

"படிக்கிறவங்களும் கொஞ்ச நேரம் வெளிய நிக்கட்டும்."

ஆகவே, இந்தக் கதையின் கடைசியில் ஒரு கதவு வரும். அதை நான் திறக்க மாட்டேன். இதை இப்போதே சொல்லிவிடுவது கதைக்கு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று தடவை இந்த வரியை அடித்தேன், மூன்று தடவை திரும்பவும் எழுதினேன். இருக்கட்டும்.

நான் இனி அதிகம் குறுக்கே வர மாட்டேன். வந்தால் அடைப்புக்குறிக்குள் வருவேன்.

2

தொடக்கம் ஒன்று: "கோலார் தங்கவயலில் அந்தி சாயும் நேரம், சயனைடு மேட்டின் மீது —"

விட்டுவிட்டேன். தங்கவயல் என்று தொடங்கினால் தங்கம், சுரங்கம், மூடிய ஷாஃப்ட் எல்லாம் வரிசை கட்டி வந்து நின்றுவிடும். யசோதராவுக்கு நிற்க இடம் இருக்காது.

தொடக்கம் இரண்டு: "ஆனந்தனின் நுரையீரலில் முப்பது வருடத்துக் கல்தூசி —"

இதையும் விட்டேன். யசோதராவின் அப்பா ஆனந்தனை நோயாளியாக அறிமுகப்படுத்தினால் அவருக்குக் கோபம் வரும். ஆக்சிஜன் மெஷினின் குழாய் மூக்கில் இருக்க, கிரிக்கெட் வர்ணனையாளரைத் திட்டிக்கொண்டிருக்கும் மனிதர் அவர். திட்டி முடித்து, மூச்சு வாங்கி, மிச்சத்தையும் திட்டுவார்.

தொடக்கம் மூன்று: "அன்று மாலை துரை ஒரு தப்புச் செய்தான்."

விறுவிறுப்பான வரி. ஆனால் பொய். துரை எங்கள் வகுப்பில் படிப்பவன், வாய் கொஞ்சம் அதிகம், வேலையில் சுத்தம். அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. செய்திருந்தால் இந்தக் கதை எனக்கு இவ்வளவு சிரமம் தராது.

தொடக்கம் நான்கு: "அந்த நம்பர்ல ஆளே இல்லன்னா?" என்று மேக்ஸ்வெல் சார் கேட்டார்.

இதுதான் சரியான தொடக்கம். ஆனால் இந்தக் கேள்வி எதைப் பற்றியது என்று சொல்லாமல் இதை வைக்க முடியாது. எனவே இது நான்காம் பகுதிக்குப் போகிறது. இப்போது மூன்று.

3

ஒரு கணினிக்குள் ஒரே சமயத்தில் பல வேலைகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் தன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் அறைக்குள் இன்னொன்று நுழைய முடியாது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு. வெளியே இருப்பவர் உள்ளே இருப்பதனிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால், விழி, நில், முடித்துக்கொள் என்று ஏதாவது, கதவைத் தட்டத்தான் வேண்டும். அதையும் நாமே போய்த் தட்ட முடியாது. எந்த எண், என்ன சேதி என்று, கணினியையே நடத்தும் இயங்குதளத்திடம் சொன்னால் அது போய்த் தட்டிவிட்டு வந்து "சரி" என்று சொல்லும்.

இப்படி இயங்குதளத்திடம் தட்டச் சொல்லும் கட்டளைக்கு "அழைப்பு" என்று பெயர். அதை வடிவமைப்பதுதான் எங்கள் வகுப்புக்குக் கொடுத்த வேலை.

(உள்ளே இருப்பது அநேகமாக எந்தத் தட்டையும் கண்டுகொள்ளாமல் இருக்கலாம், அல்லது தன் இஷ்டப்படி பதில் செய்யலாம். "முடி" என்ற தட்டை மட்டும் தவிர்க்க முடியாது. அது வந்தால் போக வேண்டியதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதைக்குத் தேவைப்படும் கணினி அறிவு இவ்வளவுதான்.)

மேக்ஸ்வெல் சார் பகலில் வீட்டிலிருந்தபடியே பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்ப்பவர், சாயங்காலம் தங்கவயலின் கடைத்தெருவான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாடி ஹாலில் எங்களுக்குப் பாடம் எடுப்பவர். சும்மா படித்தால் மறந்துபோகும் என்று சொல்லி, வகுப்பில் நாங்களே எழுதிய சின்ன இயங்குதளத்துக்கு ஒரு நிஜமான வேலை தேடினார். யசோதராதான் யோசனை சொன்னாள். அவள் வீட்டைப் போலவே ஊரில் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய எத்தனையோ லைன் வீடுகளில் ஆக்சிஜன் மெஷின் ஓடுகிறது. கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். கட்டிலுக்கு அடியில் ஒரு சின்ன சிலிண்டர் இருக்கும், ஆனால் மூச்சுக்குத் திணறுகிறவரால் அதைத் திருகித் திறக்க முடியாது. யாராவது வர வேண்டும். அந்த யாராவதுக்குச் சொல்ல ஓர் ஏற்பாடு.

வீட்டுக்கு ஒரு சின்னப் பெட்டி, பேட்டரியில் ஓடுவது. ஹாலில் இன்வெர்ட்டரில் ஓடும் ஒரு கணினி. அதற்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் காவலாக ஒரு வேலை, அதன் எண்ணுக்கு அடையாளமாக நோயாளியின் பெயர். அந்த வீட்டில் கரண்ட் போனாலோ, ஆக்சிஜன் இறங்கினாலோ, காவல் உடனே வீட்டு ஆளின் போனைக் கூப்பிடும். எடுக்கும்வரை விடாமல் கூப்பிடும்.

அந்தத் தட்டும் அழைப்புக்குப் பெயர் வைக்கும்போது சின்னத் தகராறு. பெரிய இயங்குதளங்களில் இதற்கு வைத்திருக்கும் ஆங்கிலப் பெயருக்குக் "கொல்" என்றுதான் அர்த்தம். செய்வது என்னவோ பெரும்பாலும் தட்டுவதுதான்.

"எனக்கு அந்தப் பேர் வேணாம் சார்," என்றாள் யசோதரா.

"பேர மாத்தினா வேல மாறிடுமா, குரு?" என்றான் துரை அவளிடம். அவனுக்கு எல்லாரும் குருதான்.

"உனக்கு இன்னா, நீ டைப் பண்ணிடுவ. அந்த வார்த்தைக்குப் பக்கத்துல எங்கப்பா பேரு வரும். எனக்குக் கை வராது."

"தட்டு" என்று அவளே பெயர் வைத்தாள். அவள் இருக்கும் ஸ்கெலட்டன் லைனில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். ராத்திரியில் மூச்சு அடைத்தால் அவள் அப்பா ஸ்பூனால் சுவரைத் தட்டுவார். அடுத்த வீட்டுச் சரோஜா அக்கா எழுந்து வருவாள். பெட்டி வைத்த அன்று யசோதரா சரோஜா அக்காவிடம் போய்ச் சொன்னாள்: "இனிமே செவுத்துக்குக் காது குடுத்துக்கினு படுக்காதக்கா. எனக்கு போன் வந்துடும்."

"அப்பாடா," என்றாள் சரோஜா அக்கா. "உங்கப்பன் ஸ்பூன் சத்தத்துல எனக்குக் கனவெல்லாம் கல்யாணச் சமையலா வருதுடீ."

4

"அந்த நம்பர்ல ஆளே இல்லன்னா?" என்று மேக்ஸ்வெல் சார் கேட்டார்.

தட்டச் சொல்லி ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். போய்ப் பார்த்தால் அந்த எண்ணில் எந்த வேலையும் இல்லை. முன்பே முடிந்து போயிருக்கலாம். அப்போது இயங்குதளம் என்ன செய்ய வேண்டும்?

யசோதரா யோசிக்கவே இல்லை. "எல்லாரையும் தட்டணும் சார்."

வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருவர் "ஏன்?" என்று கேட்டிருப்பார். எங்கள் வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. சுரங்கம் மூடியபோது எங்களில் பாதிப் பேர் பிறக்கவே இல்லை. ஆனாலும் எங்கள் எல்லார் வீட்டிலும் சொல்லிச் சொல்லிக் காதில் ஏறிய கதை ஒன்று உண்டு. சுரங்கத்திலிருந்து ஆட்களைத் தூக்கி வரும் கேஜ் மேலே வந்ததும் ஒவ்வொருவரும் தன் எண் போட்ட டோக்கனைக் கொக்கியில் மாட்ட வேண்டும். ஷிஃப்டு முடிந்து ஒரு கொக்கி காலியாக இருந்தால், அந்த எண்ணில் ஆள் இல்லை. உடனே சங்கு ஊதும். ஒருவன் வீட்டுக்கு மட்டும் சொல்லி அனுப்ப மாட்டார்கள். ஊருக்கே ஊதும். அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் சுரங்க வாயான ஷாஃப்ட்டுக்கு ஓடுவார்கள்.

ஓர் எண்ணில் ஆள் இல்லையென்றால் எல்லாருக்கும் தெரிய வேண்டும். இதற்கு எதிராக ஒரு தங்கவயல்காரர் என்ன பேசிவிட முடியும்?

சார் தலையாட்டினார். அவர் சேம்பியன் ரீஃப் சுரங்க லைனில் வளர்ந்த பையன். துரை கூட, "ஆமா சார், அதான் முறை," என்றான்.

(இங்கே ஒரு சந்தேகம். சார் நிஜமாகவே தலையாட்டினாரா, அல்லது நான் அப்படி எழுதிக்கொண்டேனா? அன்றைய என் குறிப்பில் "நல்ல பதில்" என்று இருக்கிறது. யார் சொன்னது என்று இல்லை. கதைக்கு ஒரு தலையாட்டல் தேவைப்பட்டது, சாருக்குக் கொடுத்துவிட்டேன். தவறாக இருந்தால் அவர் என்னை மன்னிக்கட்டும்.)

சங்கு ஒரே ஒரு சேதியைத்தான் சொல்லும்: வாருங்கள், தேடுவோம். எங்கள் தட்டு அப்படி அல்ல. எந்தச் சேதியைக் கொடுக்கிறோமோ அதைக் கொண்டுபோகும். விழி என்றால் விழி. நில் என்றால் நில்.

முடி என்றால்

இந்த வாக்கியத்தை அன்று வகுப்பில் யாராவது முடித்திருக்க வேண்டும். இப்போது நான் முடித்து என்ன பயன்? அப்படியே விடுகிறேன்.

5

எல்லாம் நன்றாகவே ஓடியது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதைகளில் கெட்டது நடப்பதற்கு முன் ஏதாவது சின்ன அறிகுறி காட்டுவார்கள். எங்களுக்கு எந்த அறிகுறியும் வரவில்லை. கரண்ட் போகும், போன் அடிக்கும், ஆள் ஓடும், சிலிண்டர் திறக்கும். தங்கவயலிலேயே பாலகாட் பகுதியில் ஒரு வீட்டில் எங்களுக்குப் பாயசம் கொடுத்தார்கள். ஆனந்தன் மட்டும் குறை சொன்னார். "சரோஜா முன்னெல்லாம் வந்து அஞ்சு நிமிசம் பேசிட்டுப் போவா. இப்ப பெட்டி கீதுன்னு எட்டிக்கூட பாக்கறதில்ல."

ஒரு வெள்ளிக்கிழமை ராஜப்பா என்ற பெரியவர், எங்கள் பட்டியலில் இருந்தவர், பங்காரப்பேட்டையில் மகள் வீட்டுக்குக் கிளம்பினார். ஆக்சிஜன் மெஷினையும் கூடவே எடுத்துக்கொண்டார். போகும்போது எங்கள் பெட்டியின் சுவிட்சை ஒழுங்காக அணைத்துவிட்டுப் போனார். பெட்டி அணைந்தால் அந்த வீட்டுக் காவல் தானாகவே முடிந்துவிடும். அப்படித்தான் எழுதியிருந்தோம். அது முடிந்தும் போனது.

அந்த வாரம் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் முறை துரையுடையது. ராஜப்பா ஊரில் இல்லை என்று அவனுக்குப் போன் வந்தது. காவல் முடிந்திருக்குமா இல்லையா என்ற சந்தேகத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று, வகுப்பு தொடங்குமுன் அவனும் ஒரு தடவை தட்டினான்.

ராஜப்பாவின் எண். சேதி: முடி.

திரையில் "சரி" என்று வந்தது. துரை கையைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தான்.

(கதையின் முதல் பிரதியில் இந்த இடத்தில் துரையை அவசரக்காரனாக எழுதியிருந்தேன். பீடா மென்றபடி, போனில் பேசியபடி, கவனமில்லாமல் தட்டினான் என்று. படிக்க நன்றாக இருந்தது. துரை பீடா போடுவதில்லை. அன்று அவன் செய்தது எங்கள் எல்லாரிலும் கவனமானவன் செய்யக்கூடிய காரியம். இரண்டு தடவை சரிபார்த்தான்.)

6

ஏழு மணி வாக்கில் கரண்ட் போனது. ஹாலில் இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே கடைத்தெரு ஒரே இருட்டு.

யசோதரா வழக்கம்போல் போனை எடுத்து டெஸ்க் மேல் வைத்துக்கொண்டாள். கரண்ட் போனால் ஒரு நிமிடத்துக்குள் அவளுக்கு அழைப்பு வரும். அவள் உடனே சரோஜா அக்காவைக் கூப்பிட்டு சிலிண்டரைத் திறக்கச் சொல்வாள். இதுதான் பழக்கம்.

போன் அடிக்கவில்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது. பக்கத்திலிருந்த பவ்யாவிடம் சொன்னாள்: "எங்க லைன்ல கரண்ட் கீது போல."

"குடுத்து வெச்சவங்க," என்றாள் பவ்யா.

இப்படியும் நடப்பதுண்டு. ராபர்ட்சன்பேட்டையில் போகும், ஸ்கெலட்டனில் இருக்கும். யசோதரா போனைப் பைக்குள் போட்டுவிட்டுப் பாடத்தைக் கவனித்தாள். அன்றைய பாடம், ஒரே நேரத்தில் இரண்டு தட்டு வந்தால் எதை முதலில் கேட்பது என்பது. கேள்வி கேட்டாள். சார் சொன்ன ஒரு நகைச்சுவைக்குச் சிரித்தாள்.

அவள் சிரித்ததை எழுத வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். டீக்கடையில் அவளே சொன்னாள்: "அத வுட்டுடாத. நான் சிரிச்சிக்கினு இருந்தேன்."

7

பைக்குள் போன் அடித்தபோது அது கணினியின் அழைப்பு அல்ல. சரோஜா அக்கா.

"யசோ, நான்தான். பயப்படாத. உங்கப்பாவுக்கு சிலிண்டர் போட்டுட்டேன்."

யசோதரா எழுந்து நின்றாள். "ஏன்? கரண்ட் இல்லியா அங்க?"

"எங்கடீ கீது. போய் எவ்ளோ நேரமாச்சி. உனக்குத்தான் போன் வந்திருக்குமே, நீ யாரையாவது அனுப்புவன்னு நான் கம்முனு இருந்துட்டேன். அப்பறம் செவுத்துல ஸ்பூன் சத்தம். ரொம்ப மெதுவா. கரண்ட் போயி டிவி நின்னுச்சோ, பொழச்சோம். இல்லாட்டி எனக்கு எங்க கேக்கப்போகுது."

"அப்பாகிட்ட குடுக்கா."

போன் கை மாறும் சத்தம். மூச்சு. இன்னொரு மூச்சு.

"நல்லாத்தான் கீறேன்," என்றார் ஆனந்தன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "உன் பெட்டிய... தூக்கி... குப்பையில போடு."

"போடறேம்ப்பா."

"ஸ்பூனு... நல்லா வேல செய்யுது."

யசோதரா பெஞ்சில் உட்கார்ந்தாள். வகுப்பே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பவ்யா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். "ஒண்ணுமில்ல," என்றாள் யசோதரா. "அப்பா நல்லாருக்காரு. எங்க வீட்டுப் பெட்டிதான் கெட்டுப்போச்சி போல."

எங்க வீட்டுப் பெட்டிதான்.

(இங்கே கதையை முடித்திருக்கலாம். அப்பா பிழைத்துவிட்டார், பக்கத்து வீட்டு அக்காவின் காது இயந்திரத்தை விட மேல், ஸ்பூன் வாழ்க. பத்திரிகைக்காரர்கள் இப்படி ஒரு முடிவை விரும்புவார்கள். நானும் ஒரு முழுப் பிரதியை இங்கேயே முடித்து, இரண்டு நாள் திருப்தியாக இருந்தேன்.)

8

மேக்ஸ்வெல் சார், பெட்டியில் என்ன கோளாறு என்று பார்க்கக் கணினியின் முன் உட்கார்ந்தார். ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளின் பட்டியலைக் கேட்டார். அதில் ஆனந்தன் வீட்டுக் காவலைத் தேடிப் பிடித்து, கடைசியாக எப்போது பேசியது என்று பார்ப்பது அவர் எண்ணம்.

பட்டியலில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. பட்டியல் எடுக்கும் வேலை.

சார் திரும்பவும் கேட்டார். திரும்பவும் அதே ஒற்றை வரி.

யசோதரா அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். பத்து வீடுகளின் பெயரும் அங்கே இருந்திருக்க வேண்டும். முதலில் அவளுக்குத் திரையில் கோளாறு என்று தோன்றியது. பிறகு இன்வெர்ட்டரில் ஏதோ என்று தோன்றியது. பிறகு எதுவும் தோன்றவில்லை. காது அடைத்துக்கொண்டது, பேருந்து மலையிறங்கும்போது அடைப்பதுபோல.

சார் திரையை மெதுவாக மேலே நகர்த்திப் போனார். அந்த வரி அங்கே இருந்தது.

தட்டு ராஜப்பா முடி
சரி

"சரின்னுதானே வந்திச்சி?" என்றான் துரை. அவன் குரல் அவனுடையதாகவே இல்லை. "சார், சரின்னுதானே சார் வந்திச்சி?"

சரிதான். ராஜப்பாவின் எண்ணில் ஆள் இல்லை. ஆகவே எல்லாரையும், எல்லா வீட்டுக் காவலையும், தட்டியது. எல்லாரும் கேட்டார்கள், எல்லாரும் முடித்துக்கொண்டார்கள். ஒரு கதவு விடாமல் தட்டிவிட்டு, சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துவிட்டு, வந்து "சரி" என்று சொன்னது.

"நாந்தான் சொன்னேன்," என்றாள் யசோதரா. யாரிடம் என்று தெரியவில்லை. "எல்லாரையும் தட்டணும்னு நாந்தான் சொன்னேன்."

சார் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். வெளியே இன்னும் இருட்டு.

அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. யசோதராவுக்குப் போன் வராததுபோல வேறு யாருக்கும் வந்திருக்காது. எல்லா வீட்டிலும் யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்துகொண்டு, போனைப் பார்த்து, நம்ம லைன்ல கரண்ட் கீது போல என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

9

பட்டியலைப் பிரித்துக்கொண்டார்கள். பைக் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் கிளம்பினார்கள். ஹாலில் ஒரு ஆள் உட்கார்ந்து எல்லா எண்ணுக்கும் போன் போட வேண்டும். (அது நான். ஆகவே இனி வருவதை நான் பார்க்கவில்லை. யசோதரா சொன்னதையும் துரை சொன்னதையும் வைத்து எழுதுகிறேன். இருவரும் சொன்னது ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில் யசோதராவை நம்பினேன்.)

துரை வண்டியை ஓட்டினான். யசோதரா பின்னால். வழியில் என் போன்கள் அவளுக்கு வந்துகொண்டே இருந்தன. பாலகாட்டுப் பாயச வீட்டில் ஆள் இருந்தார்கள், தாங்களே சிலிண்டர் போட்டுவிட்டார்கள். இன்னொரு வீட்டில் மருமகள் திட்டினாள், ஆனால் எல்லாரும் நலம். வேறொரு வீட்டுக் கங்கம்மாவை அவர் பேரன் பார்த்துக்கொண்டான். ஒவ்வொன்றாகக் கேட்டு யசோதரா துரையின் தோளுக்கு மேலாகச் சொன்னாள், துரை ஒவ்வொன்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினான்.

மிச்சம் ஒரே ஒரு வீடு. மாரிகுப்பத்தில், ஸ்டேஷனுக்குப் பின்னால், லைனின் கடைசி வீடு. நாகேஷ் என்பவர் அங்கே தனியாக இருக்கிறார். மகன் விநாயக் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி ரயிலில் திரும்புகிறவன். பட்டியலில் இருப்பது அவன் எண்தான். பெட்டி கூப்பிட்டால் அவன் பக்கத்து லைனில் ஒரு நண்பனுக்குச் சொல்வான். அதுதான் ஏற்பாடு.

அவன் போன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ரயிலில் அந்த இடத்தில் அப்படித்தான். நாகேஷின் போன் அடித்தது, எடுக்கவில்லை.

துரை வண்டியை நிறுத்தினான். நாகேஷ் வீட்டில் விளக்கு இல்லை, எந்த வீட்டிலும் இல்லை. யசோதரா கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள்.

"தாத்தா," என்றாள். தட்டினாள். "தாத்தா, நான் பெட்டி வெச்ச பொண்ணு, யசோதரா."

கதவுக்குப் பின்னால் போன் அடித்துக்கொண்டிருந்தது.

(அது நான்தான்.)

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. துரை பக்கத்து ஜன்னலைப் போய் அசைத்துப் பார்த்தான், கம்பி. கல் ஏதாவது கிடைக்குமா என்று தரையைத் தடவினான்.

அப்போது தண்டவாளத்தில் சத்தம். ரயில் வந்து நின்றது. ஆட்கள் டார்ச் அடித்துக்கொண்டு லைன்களுக்குள் பிரிந்து போனார்கள். ஒரு வெளிச்சம் இந்தப் பக்கம் வந்தது. ஆபீஸ் பையை முதுகில் மாட்டிய இளைஞன், கையில் பொட்டலம். விநாயக்.

"இன்னா, ரெண்டு பேரும் இங்க?" என்றான். சிரித்த முகம். "பெட்டி சர்வீஸா இந்நேரத்துல?"

துரை, "அப்பா கதவு தெறக்கல," என்றான்.

"தூங்கியிருப்பாரு. கரண்ட் இப்பதான் போச்சா?" விநாயக் போனை எடுத்துப் பார்த்தான். அந்த வெளிச்சத்தில் அவன் முகம் நிதானமாக இருந்தது. "பெட்டி கூப்பிடலியே. பெங்களூர்ல ஏறினதுலேருந்து கையிலதான் வெச்சிக்கினு வரேன். விடாம அடிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? ஒரு தடவகூட அடிக்கல. ஒண்ணும் இருக்காது, வுடுங்க."

பொட்டலத்தைத் துரை கையில் கொடுத்துவிட்டு, கதவில் கை வைத்துத் தட்டினான். வீட்டுக்கு வந்த மகன் தட்டுவதுபோல. அவசரமே இல்லாமல்.

10

இதற்குப் பின் மூன்று முடிவு எழுதினேன்.

(அ) உள்ளே இருமல் சத்தம். தாழ்ப்பாள் நகர்கிறது. "எவன்டா அது, போனும் கதவும் மாத்தி மாத்தி," என்று நாகேஷ் திட்டிக்கொண்டே வருகிறார். காது மந்தம், போன் எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை, சிலிண்டரை ஒருவழியாகத் தானே திறந்துகொண்டார். யசோதரா வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. அதனாலேயே இதன் மேல் சந்தேகம்.

(ஆ) துரையும் விநாயக்கும் சேர்ந்து கதவை உடைக்கிறார்கள். டார்ச் வெளிச்சம் கட்டிலின் மேல்

இதை இதற்கு மேல் எழுதவில்லை.

(இ) இந்த முடிவு மட்டும் நடந்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். யசோதரா அந்த அழைப்பைத் திருத்தி எழுதினாள். இப்போது எண்ணில் ஆள் இல்லையென்றால் அது யாரையும் தட்டாது. "அங்கே யாரும் இல்லை" என்று மட்டும் திரும்பி வந்து சொல்லும். எல்லாரையும் தட்டுவதற்குத் தனியாக வேறு ஓர் அழைப்பு, அதில் "முடி" என்ற சேதியைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாது. சார் வரி வரியாகப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் "ஏன்?" என்று கேட்டோம், ஒவ்வொரு வரிக்கும். ஆனந்தன் வீட்டில் பெட்டியும் இருக்கிறது, ஸ்பூனும் இருக்கிறது. சரோஜா அக்கா இரண்டுக்கும் காது கொடுக்கிறாள்.

ஆனால் இது கதவுக்குப் பதில் இல்லை. துரை இப்போது வகுப்புக்கு வருகிறானா என்று என்னிடம் கேட்காதீர்கள். விநாயக் பிறகு யசோதராவிடம் என்ன பேசினான் என்றும் கேட்காதீர்கள். அவற்றுக்குப் பதில் சொன்னால் கதவைத் திறந்த மாதிரி ஆகிவிடும். நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்து, திருத்திய வடிவத்திலும் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. எந்த எண்ணைத் தட்டலாம், யார் தட்டலாம், ஆள் இல்லையென்றால் என்ன என்று எல்லாம் இருக்கிறது. தட்டிய பிறகு, உள்ளே இருப்பவர் எழுந்து வர, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று இல்லை. யசோதராவிடம் சொன்னேன். அவளுக்கும் தெரிந்திருந்தது. அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை என்றாள்.

விநாயக் தட்டிவிட்டான். அவன் கை இன்னும் கதவின் மேல் இருக்கிறது. உள்ளே போன் அடிப்பதை நான் நிறுத்திவிட்டேன், உங்களுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக. துரை பொட்டலத்தைப் பிடித்தபடி நிற்கிறான். யசோதரா உங்களுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறாள்.

எவ்வளவு நேரம் என்று நீங்கள் சொல்லுங்கள்.